ஒரு கையெழுத்துக்காக 25 நாட்கள்

உங்கள் ஊர் அஞ்சலகத்துக்குள் நுழைய எத்தனை படிகள் ஏற வேண்டும்? எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். எண்ண வேண்டிய தேவை உங்களுக்கு நேர்ந்திருக்காது. மூன்று படிகளோ நான்கு படிகளோ, கால்கள் தாமாகவே ஏறிவிடுகின்றன. ஆனால் சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றி முதலில் தெரிய வேண்டிய செய்தியே அந்த எண்ணிக்கைதான். ஒரே ஒரு படி இருந்தாலும் போதும். உள்ளே அஞ்சல்தலை கிடைக்குமா, சேமிப்புக் கணக்குத் தொடங்கலாமா என்பதெல்லாம் அவருக்குப் பயனற்ற செய்திகளாகிவிடும்.

அவர் உள்ளே போக முடியாததற்குக் காரணம் என்ன? அவருடைய கால்களா, அந்தப் படியா? நெடுங்காலமாக உலகம் 'கால்கள்' என்றே விடை சொல்லி வந்தது. ஆகவே அவருக்கு மருத்துவம் செய்தது, முடியாதபோது இரக்கம் காட்டியது, தருமம் செய்தது. 'காரணம் படிதான்' என்று விடை சொல்லத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். அந்த விடையைச் சட்டமாக எழுதிய பிறகும் அது ஏட்டிலேயே தூங்கியது. அதைத் தட்டி எழுப்புவதற்காக நூற்றுக்கும் மேற்பட்டோர் 25 நாட்கள் ஓர் அரசு அலுவலகத்தின் தரையில் படுத்துக் கிடந்தார்கள். 1977-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த அந்த வரலாற்றைக் காண்போம்.

தெருவில் தோன்றத் தடை

அதே சான்பிரான்சிஸ்கோ நகரம் 1867-இல் ஒரு விதி இயற்றியது. நோயாலோ விபத்தாலோ உடல் சிதைந்தவர்கள், பிறர் கண்ணுக்கு அருவருப்பாகத் தோன்றுபவர்கள் தெருக்களிலும் பொது இடங்களிலும் தங்களைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். பிச்சை எடுப்பதைத் தடுக்கவே இந்த விதி என்றார்கள். ஆனால் விதியின் சொற்கள் பிச்சை எடுத்தவர்களை மட்டும் சுட்டவில்லை. பிற நகரங்களும் இதைப் பின்பற்றின. சிகாகோ நகரில் 1881-இல் வந்த இத்தகைய விதி நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1974-இல். மனிதன் நிலவில் காலடி வைத்து ஐந்தாண்டுகள் கழித்து!

விதி இல்லாத ஊர்களில் மட்டும் நிலைமை மேலாக இருந்தது என்று எண்ண வேண்டாம். அங்கே படிகளும் குறுகிய கதவுகளும் அதே வேலையைச் செய்தன.

எட் ராபர்ட்ஸ் என்ற சிறுவனை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவைச் சேர்ந்த அவனுக்கு 1953-இல், 14-ஆம் வயதில், இளம்பிள்ளை வாதம் கண்டது. போலியோ நச்சுயிரி தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. உணர்ச்சி நரம்புகளை அது தொடுவதில்லை. எனவே உடலில் ஊசி குத்தினால் வலிக்கும். ஆனால் கையை விலக்க இயலாது. மூச்சுவிட உதவும் தசைகளுக்குச் செல்லும் நரம்புகளும் அழிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ராபர்ட்சுக்கு அப்படித்தான் நேர்ந்தது. அவர் உயிரைக் காத்தது 'இரும்பு நுரையீரல்'. 1928-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான கருவி இது. பெரிய உருளை ஒன்றுக்குள் கழுத்துவரை உடல் இருக்கும். தலை மட்டும் வெளியே. உருளைக்குள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து மூச்சு உள்ளே வரும். அழுத்தம் கூடும்போது மூச்சு வெளியேறும். சால்க் கண்டறிந்த தடுப்பூசி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது 1955 ஏப்ரல் 12-ஆம் நாள். இரண்டே ஆண்டு தாமதம்.

ராபர்ட்ஸ் 1962-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினார். படிப்பில் குறை ஏதும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்தார் தயங்கினார்கள். இரவில் அவருக்குத் தேவைப்பட்ட இரும்பு நுரையீரலின் எடை ஏறத்தாழ 360 கிலோகிராம். மாணவர் விடுதியின் தளம் அதைத் தாங்காது. முடிவில் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. நோயாளியாக அல்ல, மாணவராக அவர் அங்கே குடியிருந்தார். அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள். மாநில மறுவாழ்வுத் துறையோ, 'இவர் வேலைக்கு உதவாத அளவுக்கு ஊனமுற்றவர்' என்று சொல்லி முதலில் அவருக்குப் படிப்புதவி தர மறுத்தது. அதே துறைக்கு 1975-இல் அவர் இயக்குநராக அமர்ந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவர் மறுபடியும் வருவார்.

தீயைக் காட்டி மறுத்தார்கள்

இன்னொருவர் ஜூடித் ஹியூமன். 1947-இல் பிறந்த இவரையும் ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் வளர்ந்தார். ஐந்தாம் வயதில் தாய் அவரைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றார். தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் விந்தையானது. கட்டடம் தீப்பற்றினால் சக்கர நாற்காலி பிறருக்கு இடைஞ்சல் ஆகுமாம்! ஒன்பது வயதுவரை அந்தச் சிறுமிக்கு வாரத்தில் சில மணி நேரம் வீட்டுக்கு வந்து கற்பிக்கும் ஏற்பாடு மட்டுமே கிடைத்தது.

அவர் விடவில்லை, கல்லூரி முடித்தார், ஆசிரியர் தேர்வுகளில் தேறினார். 1970-இல் நியூயார்க் கல்வி வாரியம் மருத்துவச் சோதனையைக் காட்டி அவருக்கு ஆசிரியர் உரிமம் மறுத்தது. காரணம்? மறுபடியும் தீ! ஆபத்துக் காலத்தில் குழந்தைகளைக் காப்பாற்றி வெளியே கொண்டுவர இவரால் முடியாதாம். ஹியூமன் வழக்குத் தொடுத்தார். அமெரிக்க நடுவண் நீதிமன்றங்களில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் நீதிபதியான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியின் முன் வழக்கு வந்தது. வாரியம் இறங்கி வந்து உரிமம் வழங்கியது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியர் ஹியூமன்தான். 1973-இல் அவர் பெர்க்லிக்குக் குடிபெயர்ந்தார்.

ஒரே ஒரு வாக்கியம்

அந்த ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அதிபர் நிக்சன் மறுவாழ்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். செலவு மிகுதி என்று இருமுறை திருப்பி அனுப்பிய பிறகே அவர் அதற்கு இசைந்தார். சட்டத்தின் பெரும்பகுதி பயிற்சி, நிதி, அலுவலகம் பற்றியது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது 504-ஆம் பிரிவு. அது ஒரே ஒரு வாக்கியம். நடுவண் அரசின் பணம் பெறும் எந்தத் திட்டத்திலிருந்தும், தகுதியுள்ள ஒருவரை, ஊனத்தை மட்டும் காரணமாகக் காட்டி ஒதுக்கவோ, பயன்களை மறுக்கவோ, வேறுபாடு காட்டவோ கூடாது என்பதே அதன் பொருள். கறுப்பின மக்களுக்காக 1964-இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின் ஒரு வாக்கியத்தை அச்சாகக் கொண்டு, செனட் அலுவலர்கள் சிலர் இதைச் சேர்த்திருந்தார்கள். மன்றத்தில் இதைப் பற்றி யாரும் பெரிதாக விவாதிக்கவில்லை. விவாதித்திருந்தால் நிறைவேறியிருக்குமா என்பது ஐயமே!

இந்த வாக்கியத்தின் ஆற்றலைக் கவனியுங்கள். அரசுப் பணம் பெறாத பல்கலைக்கழகம் எது? மருத்துவமனை எது? பள்ளி எது? இவை அனைத்தும் கதவைத் திறந்தாக வேண்டும். அதுவரை உதவி என்று பேசப்பட்டது இப்போது உரிமை ஆயிற்று.

ஆனால் ஒரு தடை. சட்டம் 'வேறுபாடு காட்டாதே' என்றது. படி வைப்பது வேறுபாடு காட்டுவதா? எத்தனை அகலக் கதவு போதும்? பழைய கட்டடத்தை எத்தனை ஆண்டுக்குள் மாற்ற வேண்டும்? காது கேளாத மாணவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை யார் அமர்த்துவது? இவற்றுக்கெல்லாம் விடை சொல்லும் விதிகளைத் துறை வெளியிட வேண்டும். விதிகள் இல்லாவிட்டால் சட்டம், அளவு குறிக்காத தையற்காரர் நாடாவைப் போன்றதுதான். அந்தப் பொறுப்பு, அக்காலத்தில் ஒன்றாக இருந்த உடல்நலம், கல்வி, பொதுநலத் துறையிடம் இருந்தது. விதிகளை எழுதினார்கள். ஆனால் அமைச்சர் கையெழுத்திடவில்லை. 1974, 1975, 1976 எனக் காலம் ஓடியது. 1976-இல் நீதிமன்றம் ஆணையிட்டும் பயனில்லை. 1977 ஜனவரியில் கார்ட்டர் அதிபரானார். ஜோசப் காலிபானோ துறைக்கு அமைச்சரானார். அவரோ, விதிகளைப் படித்துப் பார்த்துச் சில மாற்றங்கள் செய்ய வேண்டும் என்றார். 'சில மாற்றங்கள்' என்றால் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விலக்கு அளிப்பதில் போய் முடியும் என்று மாற்றுத்திறனாளிகள் அஞ்சினார்கள். ஏப்ரல் 4-க்குள் கையெழுத்து வேண்டும் என்று அவர்களுடைய கூட்டமைப்பு கெடு வைத்தது. கெடு கடந்தது.

நான்காம் தளம்

1977 ஏப்ரல் 5-ஆம் நாள், வாஷிங்டனிலும் வேறு பல நகரங்களிலும் இருந்த துறை அலுவலகங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைந்து அமர்ந்தார்கள். பல இடங்களில் முற்றுகை விரைவில் முடிந்துவிட்டது. வாஷிங்டனில் உணவு உள்ளே செல்ல விடவில்லை. மறுநாளே அவர்கள் வெளியேற நேர்ந்தது. சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் நிலைத்தது.

அங்கே ஹியூமனும், தசைச் சிதைவு நோய் கொண்ட கிட்டி கோன் என்ற பெண்மணியும் முன்நின்று நடத்தினார்கள். நான்காம் தளத்தில் இருந்த வட்டார இயக்குநரிடம் சென்று, 504-ஆம் பிரிவின் விதிகள் என்னவாயின என்று கேட்டார்கள். அப்படி ஒரு பிரிவு இருப்பதே அவருக்குத் தெரியாது! அன்றிரவு அவர்கள் வெளியேறவில்லை.

ஒரு நாள் இரவு தரையில் படுப்பது நமக்குத் தொல்லை, அவ்வளவே. அங்கே இருந்தவர்களில் சிலருக்கு அது உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் தாமாகப் புரண்டு படுக்க இயலாது. உடலின் ஒரே பகுதி நெடுநேரம் தரையில் அழுந்தினால், அங்குள்ள நுண்குழாய்களில் குருதியோட்டம் நின்று தசை அழுகத் தொடங்கும். இதைப் படுக்கைப் புண் என்பர். எனவே இரவில் சில மணிக்கு ஒருமுறை யாராவது எழுந்து அவர்களைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். உணவு ஊட்ட வேண்டும். கை உள்ளவர் கை இல்லாதவருக்கும், கண் உள்ளவர் கண் இல்லாதவருக்கும் உதவினார்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் இருந்தன. குளிர்பதனப் பெட்டி இல்லை. குளிர்காற்று வீசும் கருவியின் முகப்பில் ஒரு பெட்டியைப் பசைநாடாவால் ஒட்டி, அதற்குள் மருந்துகளை வைத்தார்கள்.

அதிகாரிகள் தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்தார்கள். வெளியுலகத்துடன் தொடர்பு அற்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் உள்ளே காது கேளாதோர் இருந்தார்கள் அல்லவா? அவர்கள் சன்னலருகே நின்று, கீழே தெருவில் நின்ற நண்பர்களுக்குச் சைகைமொழியில் செய்தி அனுப்பினார்கள். எந்தத் திறமையை உலகம் குறை என்று கருதியதோ, அதுவே அன்று தந்திக் கம்பியாயிற்று.

உணவு எங்கிருந்து வந்தது? கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர், விரிகுடாவுக்கு அப்பால் இருந்த ஓக்லாந்திலிருந்து நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்தார்கள். அக்கட்சி உறுப்பினரான பிராட் லோமாக்ஸ், நரம்பு உறைகளைத் தாக்கும் நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். முற்றுகையில் இருந்தவர்களில் ஒருவர். நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி மெத்தைகள் அனுப்பி வைத்தார். தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் துணை நின்றன. மாநிலத் துறையின் இயக்குநரான எட் ராபர்ட்சும் வந்து ஆதரித்துப் பேசினார். அரசுத் துறைத் தலைவர் ஒருவர், அரசு அலுவலகத்தை முற்றுகையிட்டவர்களை வாழ்த்திப் பேசியது அரிய காட்சிதான்!

ஏப்ரல் 15-ஆம் நாள், பிலிப் பர்ட்டன், ஜார்ஜ் மில்லர் என்ற இரு காங்கிரஸ் உறுப்பினர்கள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே விசாரணை நடத்தினார்கள். துறையின் சார்பில் வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி, 'தனியே, ஆனால் சமமாக' என்ற தொடரைப் பயன்படுத்திவிட்டார். அமெரிக்கர்களுக்கு அந்தத் தொடர் நெருப்பைப் போன்றது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி வைத்ததை நியாயப்படுத்திய தொடர் அது. 1954-இல் பள்ளிகளைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்த கொள்கை. ஹியூமன் கண்ணீரும் சினமுமாகப் பேசினார். அதிகாரி எழுந்து பக்கத்து அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். பர்ட்டன் பின்னாலேயே சென்று கதவை உதைத்து, வெளியே வந்து கேட்கும்படி செய்தார். காங்கிரஸ் உறுப்பினர்கள் கதவை உதைப்பதை நாம் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்று அந்த அதிகாரி கடைசிவரை உட்கார்ந்து கேட்டார் என்பது உண்மை.

பிறகு ஒரு குழு வாஷிங்டனுக்கு விமானத்தில் சென்றது. தலைநகரில் சக்கர நாற்காலிகளை ஏற்றிச் செல்லப் பேருந்து இல்லை. தொழிற்சங்கம் ஒன்று சாமான் ஏற்றும் மூடிய லாரியைக் கொடுத்தது. சன்னல் இல்லாத இருட்டில், திருப்பங்களில் நாற்காலிகள் ஒன்றோடொன்று மோத, ஒரு சட்டத்தைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் பயணம் செய்தார்கள். அமைச்சரின் வீட்டு வாசலில் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள்.

ஏப்ரல் 28-ஆம் நாள் காலிபானோ கையெழுத்திட்டார். விதிகள் பெரிதாக எதுவும் மாறாமல் வெளிவந்தன. 30-ஆம் நாள் முற்றுகையாளர்கள் பாடிக்கொண்டே கட்டடத்தைவிட்டு வெளியே வந்தார்கள்.

12-க்கு 1

விதிகள் வந்ததால் என்ன மாறிற்று? மிக எளிய ஒன்றைப் பார்ப்போம். படிக்குப் பதிலாகச் சாய்தளம். எவ்வளவு சாய்வு இருக்கலாம்? இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் திமோத்தி நியூஜென்ட் தலைமையில் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் 1961-இலேயே அமெரிக்கத் தர நிர்ணயம் ஒன்று வெளிவந்தது. 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம். அதற்கு மேல் செங்குத்தாகக் கூடாது. பள்ளியில் சாய்தளம் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 96 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, 12-க்கு 1 சாய்வில் மேலே தள்ள வேண்டிய விசை ஏறத்தாழ 8 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒருவர் தம் கைகளாலேயே சமாளித்துவிடலாம். 6-க்கு 1 என்று குறுக்கினால் அது 16 கிலோ ஆகிவிடும்; நாற்காலி பின்னால் குடைசாயும் ஆபத்தும் உண்டு. இடம் மிச்சம் பிடிப்பதற்காகச் செங்குத்தாகக் கட்டிய சாய்தளம் படியைவிடப் பொல்லாதது.

ஆயினும் 1961-இன் அந்த அளவு, 'பின்பற்றினால் நல்லது' என்ற வெறும் அறிவுரையாகவே பிறந்தது. விதிகள் வந்த பிறகே அரசுப் பணம் பெறும் நிறுவனங்களைப் பிடித்து நிறுத்திக் கேட்க முடிந்தது. ஒருவருக்கு நன்மையானது இன்னொருவருக்கு இடையூறாவதும் உண்டு. நடைபாதை விளிம்பைச் சாய்த்துவிட்டால், கைத்தடியால் தட்டிச் செல்லும் பார்வையற்றவருக்கு நடைபாதை எங்கே முடிந்தது, சாலை எங்கே தொடங்கியது என்று தெரியாது. இதற்கான தீர்வு ஜப்பானிலிருந்து வந்தது. செய்இச்சி மியாக்கே என்பவர் உருவாக்கிய புடைப்புக் கற்கள் 1967-இல் ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதலில் பதிக்கப்பட்டன. இன்று மெட்ரோ ரயில் நிலையங்களில் நீங்கள் மிதித்து நடக்கும் மஞ்சள் நிறக் கற்கள் அவற்றின் வழித்தோன்றல்களே.

504-ஆம் பிரிவுக்கு ஓர் எல்லை இருந்தது. அரசுப் பணம் பெறாத கடை, உணவகம், திரையரங்கு ஆகியவற்றை அது தொடவில்லை. அவற்றையும் உள்ளடக்கும் சட்டம் கிடப்பில் கிடந்தபோது, 1990 மார்ச் 12-ஆம் நாள் பல மாற்றுத்திறனாளிகள் தங்கள் நாற்காலிகளை விட்டிறங்கி, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்தே ஏறினார்கள். ஜூலை 26-ஆம் நாள் அச்சட்டம் கையெழுத்தாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பரில் ஏற்ற உடன்படிக்கை, இந்த எண்ணத்தை உலக நாடுகள் முன் வைத்தது. இந்தியா 2007 அக்டோபரில் அதை உறுதி செய்தது.

நம் நாட்டுச் சட்டத்தையும் இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் படித்துப் பார்ப்பது பயனுடையது. 1995-இல் இயற்றப்பட்ட நமது முதல் சட்டம் சாய்தளங்களைப் பற்றியும் பேசியது. ஆனால் 'பொருளாதார வலிமைக்கு உட்பட்டு' என்றொரு நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டது. அந்த வாசல் வழியே எத்தனையோ கட்டடங்கள் தப்பிவிட்டன. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அந்த வாசலை அடைத்தது. ஊனங்களின் வகைகள் 7-லிருந்து 21 ஆயின. அரசு வேலைகளில் ஒதுக்கீடு 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆயிற்று. உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம். இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்றும் கெடு விதித்தது.

மறுபடியும் விதிகளில்தான் சிக்கல். 2017-இல் வந்த விதிகளின் 15-ஆம் விதி, கட்டடங்களுக்கும் போக்குவரத்துக்கும் பல வழிகாட்டு நெறிகளைச் சுட்டிக்காட்டியது. அந்நெறிகளோ 'செய்யலாம்', 'செய்தால் நலம்' என்ற மொழியில் இருந்தன. பார்வையற்ற ஒருவர் 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கேட்டது கட்டாய விதிகளை, கிடைத்ததோ அறிவுரை. எனவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, மீற முடியாத குறைந்த அளவுகளை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 19 ஆண்டுகள்.

அடுத்த முறை அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ செல்லும்போது ஓர் அளவுநாடாவை எடுத்துச் செல்லுங்கள். வாசலில் சாய்தளம் இருந்தால், அது முடியும் இடத்தின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு தரைமட்டத்தில் அதன் நீளத்தை அளந்து, உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அப்படிப்பட்ட நான்கு படிகளுக்கு 7 மீட்டருக்கும் மேல். விடை 12-க்குக் குறைவாக வந்தால், அந்தச் சாய்தளம் அளவுக்கு மீறிச் செங்குத்தானது; சக்கர நாற்காலியில் வரும் பலருக்கு அதில் தாமாக ஏறிச் செல்வது கடினம். கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நீங்கள் அளந்த இரண்டு எண்களையும் அதில் குறிப்பிடுங்கள்.